கீரியைக் காப்பது எது?

கேள்வி: நாகப்பாம்பிடம் கடிபட்ட கீரி, ஏதோ ஒரு மூலிகையைத் தேடித் தின்று பிழைத்துக்கொள்கிறது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா?
– வாசகர், திருவாரூர்

பதில்: இல்லை. கீரியைக் காப்பது அதன் தசைகளிலேயே இருக்கிறது. தசை சுருங்க வேண்டுமானால், நரம்பு நுனியிலிருந்து வெளிப்படும் அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள், தசையின் மேலுள்ள ஏற்பி எனப்படும் புரதத்தில் பொருந்த வேண்டும். நாகத்தின் நரம்பு நஞ்சு அந்த இடத்தை அடைத்துக்கொள்வதால்தான், கடிபட்டவருக்கு முதலில் இமைகள் தொங்கி, பிறகு பேச்சுக் குழறி, கடைசியில் மூச்சுக்கான தசைகளும் செயலற்றுப் போகின்றன.

எகிப்தியக் கீரியின் ஏற்பியில், நஞ்சு பற்றும் இடத்திலுள்ள சில அமினோ அமிலங்கள் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்) மாறியிருப்பதை இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தினர் 1992இல் வெளியிட்டார்கள். அவற்றுள் 187ஆவது இடத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கிறது. சிறிய அசெட்டைல்கோலின் அதைக் கடந்து உள்ளே போய்விடுகிறது, உருவில் பெரிய நஞ்சால் நெருங்க முடிவதில்லை. எந்தக் கீரியும் இதை முயன்று பெறவில்லை. தற்செயலாக இம்மாற்றத்துடன் பிறந்தவை பாம்புக் கடிக்குத் தப்பிக் குட்டிகள் ஈன்றதால், தலைமுறை தலைமுறையாக அது இனம் முழுவதும் பரவியது.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. முள்ளெலி, தேன்வளைக்கரடி, பன்றி ஆகியவற்றில் அதே 187ஆவது இடத்தில், நஞ்சு பற்றுவதைத் தடுக்கும் நேர்மின்னூட்டமுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் தனித்தனியாகவே தோன்றியிருப்பது 2015இல் தெரியவந்தது. ஏற்பி தன் அன்றாட வேலையைக் கெடுத்துக்கொள்ளாமல் மாறக்கூடிய இடங்கள் மிகச் சில என்பதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

விரியன் வகைகளின் நஞ்சு பெரும்பாலும் இரத்தத்தையும் இரத்தக் குழாய்களையும் தாக்குவதால், அங்கே வேறு வழி வேண்டும். கலிபோர்னியாவின் தரை அணில்களுடைய இரத்தத்தில், கிலுகிலுப்பை விரியனின் நஞ்சை முறிக்கும் புரதங்கள் உள்ளன. அப்பாம்பு மிகுந்த பகுதிகளில் வாழும் அணில்களுக்கே எதிர்ப்பும் மிகுதி. ஆயினும் குட்டிகளின் சிற்றுடலுக்கு அது போதாததால், அவை இரையாகிவிடுகின்றன. கீரியும் முற்றிலும் தப்பியதன்று. நஞ்சின் அளவு மிகுந்தால் அதுவும் இறக்கும்.

கேள்வி: நஞ்சுமுறிவு மருந்துக்காகக் குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சு செலுத்துகிறார்களே, அதன் குட்டிக்கும் எதிர்ப்பு வருமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: நிலையாக வராது. குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் மரபணுவில் பதிவதில்லை. சீம்பால் வழியே குட்டிக்குச் சேர்வதும் சில மாதங்களில் மறைந்துவிடும்.