தொடாமலே கொட்டிய கடிதம்

கேள்வி: மண்டபம் ஊரில் நண்டு வாங்கி ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அனுப்புகிறேன். கடையின் பெயரிலேயே மின்னஞ்சல் வேண்டுமென்று ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு (சர்வரில் இடம் வாடகைக்குத் தருபவர்கள்) ஆண்டுச் சந்தா கட்டினேன். பிரவுசரிலேயே கடிதம் படிக்கும் ரவுண்ட்கியூப் வெப்மெயில் தந்தார்கள். சென்ற மாதம் விலை விசாரித்து வந்த ஒரு கடிதத்தைத் திறந்தேன். எந்த இணைப்பையும் தொடவில்லை. அதன்பிறகு எனக்கு வரும் கடிதங்கள் வேறொரு முகவரிக்கும் போகின்றன. நிறுவனத்தில் கேட்டால், "பாஸ்வேர்டை யாரிடமோ சொல்லியிருப்பீர்கள்" என்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: சொறி மீனை (ஜெல்லிமீன்) தொட்டால்தான் அரிக்கும். இந்த வகைக் கடிதத்தைத் தொடவே வேண்டாம், திறந்து பார்த்தாலே போதும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நான் இங்கிருந்தே அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாஸ்வேர்டு கொடுக்காமல் இது நடக்கவே நடக்காது என்பது தவறு.

மின்னஞ்சல் ஒரு வலைப்பக்கம் போலவே வருகிறது. அதில் ஒளிந்திருக்கும் நிரல் துணுக்கை அகற்றிவிட்டுத்தான் வெப்மெயில் உங்களுக்குக் காட்ட வேண்டும். ஒன்று தப்பினாலும், நீங்கள் உள்ளே நுழைந்திருக்கும் அதே உரிமையோடு அது வேலை செய்யும்: கடிதங்களைப் படிக்கும், வெளியே அனுப்பும். ஓடிபி வைத்திருந்தாலும் பயனில்லை, கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருப்பவர் நீங்கள்தானே! ரவுண்ட்கியூபில் 2023 அக்டோபரில் இப்படி ஓர் ஓட்டை தெரியவந்தது. எஸ்விஜி என்ற வகைப் படத்துக்குள் நிரலை மறைத்து, ஐரோப்பிய அரசு அலுவலகங்களையே வேவு பார்த்தார்கள். 1.6.4, 1.5.5, 1.4.15 பதிப்புகளில் அதை அடைத்தார்கள். 2024 ஆகஸ்டில் இன்னொன்று, அதை அடைத்த பதிப்புகள் 1.6.8, 1.5.8.

அடைப்பு இலவசம். அதைப் போடவேண்டியது சர்வரை வைத்திருப்பவர், நீங்கள் அல்ல. வெப்மெயிலில் 'அபவுட்' என்பதை அழுத்திப் பதிப்பு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணாக இருந்தால் உங்கள் வாதத்துக்கு அதுவே வலு. உள்நுழைவுப் பதிவுகளையும் எழுத்தில் கேளுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் ஒழுகல் நிற்காது. வெப்மெயிலின் 'ஃபில்டர்' பகுதியிலும் ஹோஸ்டிங் பக்கத்திலும் திருப்பி அனுப்பும் விதி இருக்கிறதா பாருங்கள். படம் எடுத்துவிட்டு நீக்குங்கள்.

நிறுவனம் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒரு சிக்கல்: வணிகத்துக்காக வாங்கிய சேவைக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே நடத்துபவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அதன் வாசகம் வாங்கிய பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறது; சேவைக்கும் அது பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் அப்படி நடத்துபவர் என்றால் மனுவில் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, இன்றே, உங்களுக்குப் பணம் தரவேண்டிய நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரில் கடிதம் போயிருக்கலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.