வேகமா அடிச்சா மெட்டீரியல் என்ன பண்ணும்? கேள்வி பதில்

இம்பாக்ட் டெஸ்டிங் (மெட்டீரியல வேகமா அடிச்சு சோதிக்குறது) பத்தி, முக்கியமா அதுக்கு உபயோகிக்குற ஹாப்கின்சன் பார்ங்குற கருவி பத்தி கேள்வி கேக்கலாம்னு சொல்லியிருந்தேன். வந்ததுக்கெல்லாம் வரிசையா பதில் போடுறேன்.

கேள்வி: அண்ணா, சாதாரண டென்சைல் மெஷின்ல இழுத்தாலே ஸ்ட்ரெங்த் தெரிஞ்சிடுதே, அப்புறம் எதுக்கு தனியா வேகமா அடிச்சுப் பாக்கணும்?

வேகம் மாறுனா மெட்டீரியலோட குணமே மாறிடுது தம்பி, அதான் விஷயம். அந்த மெஷின்ல ஸ்ட்ரெய்ன் ரேட் (ஒரு செகண்ட்ல நீளம் எந்த விகிதத்துல மாறுதுங்குற அளவு) செகண்டுக்கு 0.001 மாதிரி இருக்கும், கார் மோதுறப்போ அது நூறு, சில இடத்துல ஆயிரம்னு போகும். மைல்ட் ஸ்டீல அந்த வேகத்துல அடிச்சா யீல்டு ஸ்ட்ரெஸ் (நிரந்தரமா உருமாற ஆரம்பிக்குற ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ்னா பரப்புக்கு இவ்வளவுன்னு வர்ற விசை) கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும் ஏறும், ஆனா நிறைய அலுமினியம் அலாய் அவ்வளவா அசையாது. இன்னொன்னு சூடு. நசுங்குறப்போ செலவாகுற வேலையில பெரும்பகுதி சூடாதான் மாறுது, மெதுவா பண்ணா அது வெளிய போயிடும், இங்க போக நேரமே இல்ல, அதனால ஒரு பக்கம் வேகத்தால இறுகுது இன்னொரு பக்கம் சூட்டால இளகுது. டைட்டானியம் அலாய்ல இந்த இளகல் ஒரு மெல்லிசு கோட்டுல மட்டும் கூடிப்போய் அப்படியே அந்தக் கோட்டுலயே பிளந்துக்கும், இதத்தான் அடியாபேட்டிக் ஷியர் பேண்ட்னு சொல்றோம். மெதுவா எடுத்த டேட்டாவ வச்சு கம்ப்யூட்டர்ல கிராஷ் சிமுலேஷன் ஓட்டுனா இதெல்லாம் அதுல வரவே வராது.

கேள்வி: ஹாப்கின்சன் பார் எப்படி வேலை செய்யுதுன்னு நம்பரோட சொல்ல முடியுமா சார்?

தாராளமா. நீளமா ரெண்டு ஸ்டீல் கம்பி ஒரே நேர்கோட்டுல இருக்கும், நடுவுல 5 மில்லிமீட்டர் நீளத்துல குட்டி ஸ்பெசிமென் (டெஸ்ட் பண்ற துண்டு). கேஸ் கன்ல இருந்து 300 மில்லிமீட்டர் நீள ஸ்ட்ரைக்கர் ஒன்னு செகண்டுக்கு 10 மீட்டர்ல வந்து முதல் கம்பிய அடிக்குதுன்னு வச்சுக்கோங்க. ஸ்டீல் கம்பியில அலை செகண்டுக்கு சுமார் 5000 மீட்டர் ஓடும். வேகத்தை அலைவேகத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா கம்பியில ஸ்ட்ரெய்ன் (நீளம் மாறுன விகிதம்) 0.001, ஸ்டீலுக்கு அது சுமார் 200 மெகாபாஸ்கல் ஸ்ட்ரெஸ். ஸ்ட்ரைக்கர் நீளத்துக்குள்ள அலை போய் திரும்புற நேரம்தான் பல்ஸோட நீளம், அது 120 மைக்ரோசெகண்ட். மொத்த டெஸ்ட்டும் அவ்வளவுதான்! அந்த அலை ஸ்பெசிமென்கிட்ட வந்ததும் ஒரு பங்கு இழுவிசை அலையா திரும்புது, ஒரு பங்கு அடுத்த கம்பிக்குள்ள போகுது. திரும்புனத வச்சு ஸ்ட்ரெய்ன் ரேட், கடந்து போனத வச்சு ஸ்ட்ரெஸ். திரும்புன அலையோட ஸ்ட்ரெய்ன் 0.0005ன்னா ஸ்பெசிமென்ல ஸ்ட்ரெய்ன் ரேட் செகண்டுக்கு 1000. ஸ்பெசிமென்ல எதையும் ஒட்டாம, கம்பியில ஒட்டுன ஸ்ட்ரெய்ன் கேஜ (ஸ்ட்ரெய்ன மின் சிக்னலா காட்டுற சின்ன பட்டை) வச்சே எல்லாம் கிடைச்சிடுது பாருங்க, எனக்கு இன்னிக்கும் இது ஆச்சரியம்தான். ஒத்தைக் கம்பிய வச்சு அழுத்தத்தை அளந்து 1914ல எழுதுனவர் பெர்ட்ரம் ஹாப்கின்சன், கம்பிய ரெண்டாக்கி நடுவுல ஸ்பெசிமென வச்சவர் கோல்ஸ்கி, 1949ல.

கேள்வி: ஹாப்கின்சன் பார்ல எடுத்த என் ஸ்ட்ரெஸ் ஸ்ட்ரெய்ன் கர்வ் ஆரம்பத்துல மேலயும் கீழயும் ஆடுது, ஆராய்ச்சிப் பேப்பர்ல போடலாமா?

அவசரப்பட்டுப் போட்டுடாதீங்க. ஃபார்முலா எல்லாமே ஸ்பெசிமெனோட ரெண்டு முகத்துலயும் ஒரே விசை இருக்குங்குற நம்பிக்கையில எழுதுனது. முன்பக்க விசைய, வந்த அலையையும் திரும்புன அலையையும் கூட்டி எடுங்க, பின்பக்கத்துக்கு கடந்து போன அலை, ரெண்டையும் ஒன்னு மேல ஒன்னா வரைஞ்சு பாருங்க. ஒத்துப்போற இடத்துல இருந்துதான் உங்க டேட்டா ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி வர்றது மெட்டீரியலோட குணம் இல்ல, அலை உள்ள அங்கயும் இங்கயும் ஓடுறதால வர்ற ஆட்டம். ஸ்ட்ரைக்கர் அடிக்குற முகத்துல சின்ன செப்பு வில்லை ஒன்னு வச்சுப் பாருங்க, பல்ஸ் மெதுவா ஏறும், ஆட்டமும் நல்லா அடங்கும். ஸ்பெசிமெனோட ரெண்டு முகத்துலயும் கிரீஸ் தடவ மறக்காதீங்க, இல்லன்னா உராய்வுல நடுவுல பீப்பா மாதிரி உப்பி ஸ்ட்ரெஸ் கூடுதலா காட்டும்.

கேள்வி: ரப்பர் வச்சா ரெண்டாவது கம்பியில சிக்னலே வரலையே?

ஸ்டீலுக்கு முன்னாடி ரப்பர் ஒன்னுமே இல்லாத மாதிரிதான், அலை மொத்தமும் திரும்பிடும். அலுமினியம் கம்பிக்கோ அக்ரிலிக் கம்பிக்கோ மாறுங்க (அக்ரிலிக்ல அலை போகப்போக தேயும், அத கணக்குல திருத்தணும்), சின்ன சிக்னலையும் பிடிக்குற செமிகண்டக்டர் கேஜ் போடுங்க. ஸ்பெசிமென மெல்லிசா வெட்டுங்க, ரப்பருக்குள்ள அலை ரொம்ப மெதுவா ஓடுறதால தடியா இருந்தா ரெண்டு முகமும் சமமாகுறதுக்குள்ள டெஸ்ட் முடிஞ்சிடும்.

கேள்வி: மொபைல் ஸ்லோமோ 960 ஃப்ரேம் போதுமா ப்ரோ?

போதாது ப்ரோ. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் ஆயிரம் மைக்ரோசெகண்டுக்கு மேல இடைவெளி, சம்பவமே 120தான். செகண்டுக்கு லட்சம் ஃப்ரேம் எடுத்தாலும் பன்னெண்டு படம்தான் கிடைக்கும்.

கேள்வி: சார்பி டெஸ்ட்டும் இம்பாக்ட் தானே?

ஆமா, ஊசல் மாதிரி ஆடி வர்ற சுத்தியலால ஒரே அடியில உடைக்குற டெஸ்ட், ஆனா அது உடைக்க எவ்வளவு எனர்ஜி ஆச்சுன்னு மட்டும் சொல்லும். குளிர்ல ஸ்டீல் நொறுங்குமான்னு பாக்க அருமையான டெஸ்ட், சிமுலேஷனுக்கு ஸ்ட்ரெஸ் ஸ்ட்ரெய்ன் கர்வ் வேணும்னா உதவாது.

கேள்வி: சேட்டிலைட்ல குப்பை மோதுற வேகத்தை லேப்ல எப்படி கொண்டு வர்றாங்க?

டூ ஸ்டேஜ் லைட் கேஸ் கன்ல. வெடிமருந்து ஒரு பிஸ்டன தள்ளும், பிஸ்டன் ஹைட்ரஜன நசுக்கும், ஒரு கட்டத்துல நடுவுல தடுப்பா இருக்குற டயாஃபிரம் தகடு கிழிஞ்சு குண்டு செகண்டுக்கு 7 கிலோமீட்டர் மாதிரி பறக்கும். ஹைட்ரஜன் ஏன்னா ரொம்ப லேசானது, அதுல ஒலிவேகம் அதிகம், அதனால ஓடுற குண்டையும் விடாம துரத்தித் தள்ள முடியுது. அந்த வேகத்துல உலோகம் கிட்டத்தட்ட திரவம் மாதிரிதான் நடந்துக்கும். வானியலாளர் ஃப்ரெட் விப்பிள் 1947ல சொன்ன ஐடியா இதுக்குத்தான்: முன்னாடி ஒரு மெல்லிசு தகடு, கொஞ்சம் இடைவெளி விட்டு சுவர். தகட்டுல பட்டதுமே குண்டு தூள் தூளா சிதறி பரவிடுது, சுவர் தாங்கிக்குது.

கேள்வி: அடுத்த வாரம் லேப்ல சேரப்போறேன்ணா, முதல்ல எதைக் கத்துக்கணும்?

ஸ்பெசிமென் இல்லாம ரெண்டு கம்பியையும் ஒன்னோட ஒன்னு முட்ட வச்சு ஒரு ஷாட் அடிச்சுப் பாரும்மா. முதல் கேஜ்ல வந்த பல்ஸ் அப்படியே ரெண்டாவதுலயும் வரணும், திரும்பி வர்றது ஏறக்குறைய பூஜ்யமா இருக்கணும். இல்லன்னா அலைன்மென்ட் சரியில்ல, இல்ல கேஜ் ஒட்டுனதுல கோளாறு, அதை சரி பண்ணாம ஸ்பெசிமென வைக்காத. கேஸ் கன்ல பிரஷர் ஏறியிருக்கும்போது கம்பி பக்கத்துல கை போகவே கூடாது, கூட இருக்கறவங்க பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்காங்களான்னும் பாத்துக்கோ.