டீசல் என்ஜினை இறக்கிவிட்டு அவுட்போர்டு மாட்ட, அதைத் தாங்கும் பிராக்கெட்டை நாமே செய்துகொள்ளலாமா?

செய்யலாம். நானே செய்து நான்கு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் பிராக்கெட்டைப் பற்றியே இருக்கிறது: எந்த இரும்பு, எத்தனை மில்லி, எத்தனை போல்ட். இந்த வேலையில் அதுதான் சுலபமான பாதி. 24 அடி ஃபைபர் படகு, உள்ளே 20 எச்பி டீசல், அதை எடுத்துவிட்டுப் படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் 25 எச்பி அவுட்போர்டு என்று எழுதியிருக்கிறீர்கள். என் படகும் கிட்டத்தட்ட அதேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் கரை தொண்டிப் பக்கம். பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு. கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். உள் என்ஜினிலிருந்து புரொப்பல்லரைச் சுழற்றும் சாஃப்ட் தரை தட்டி வளையும், கடல் தாழை புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் முங்கிப்போய்க் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். அவுட்போர்டு என்றால் தூக்கி வைத்துக் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிடலாம். நான் மாற்றியது அதற்காக மட்டும்தான். எண்ணெய்ச் செலவு குறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். 20 எச்பி டீசல் முழு வேகத்தில் மணிக்கு 4, 4.5 லிட்டர் குடிக்கும். 25 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின் 8, 9 லிட்டர் குடிக்கும். தினமும் தூரம் போய்த் தொழில் செய்கிறவர் என்றால் டீசலையே சரிபார்த்து ஓட்டுவதுதான் நல்லது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உள் என்ஜின் படகைத் தள்ளுகிற விசை, என்ஜின் கட்டைகள் வழியாகப் படகின் அடித்தளத்தில் இறங்குகிறது. டிரான்சம் என்கிற பின்பலகைக்கு அதில் வேலையே கிடையாது, தண்ணீர் உள்ளே வராமல் நின்றால் போதும். அதனால் கட்டுகிறவர்கள் அங்கே கனம் போடுவதில்லை. அவுட்போர்டு மாட்டிய நிமிடத்திலிருந்து படகு முழுவதையும் தள்ளுவது அந்தப் பின்பலகைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 25 எச்பி என்ஜின் கனமான படகைத் தள்ளும்போது சுமார் 150 கிலோ தள்ளுவிசை கிடைக்கும். அது புரொப்பல்லரில், அதாவது பிராக்கெட்டின் கீழ் போல்ட்டுக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் கீழே முன்னோக்கி அழுத்துகிறது. அதோடு 60 கிலோ என்ஜின் அரை மீட்டருக்கு மேல் பின்னால் தொங்குகிறது. இரண்டும் ஒரே திசையில்தான் வேலை செய்யும்: பிராக்கெட்டின் கீழ்விளிம்பைப் பலகைக்குள் அழுத்தும், மேல்விளிம்பைப் பிய்த்து இழுக்கும். மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், மேல் போல்ட்டுகளில் மட்டும் 350 கிலோ போல இழுவை வரும். அலையில் படகு ஏறி விழும்போது இன்னும் கூடும். ஆனால் 12 மில்லி ஸ்டெயின்லெஸ் போல்ட் டன் கணக்கில் தாங்கும். அது அறுந்துபோகாது. அதன் பின்னால் இருக்கிற பலகைதான் நசுங்கும்.

எனக்கு நடந்ததும் அதுதான். முதல் தடவை 4 போல்ட், உள்பக்கம் பெரிய வாஷர், அவ்வளவுதான் போட்டிருந்தேன். எட்டாவது மாதம் படகைக் கரையேற்றிக் கழுவும்போது, மேல் போல்ட்டுகளைச் சுற்றி, ஃபைபரின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் முடியளவு விரிசல் சிலந்தி வலை மாதிரி ஓடியிருந்தது. விரலால் தடவினால் ஈரம். போல்ட்டைத் திருகி எடுத்ததும் ஓட்டையிலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் ஒழுகியது. ஃபைபர் வேலை பார்க்கிற அண்ணன் வந்து காசால் தட்டிக்கொண்டே போனார். "டக் டக்" என்று கேட்டுக்கொண்டிருந்தது ஒரு இடத்தில் "தொப்" என்றது. "தம்பி, உள்ள 12 மில்லி சாதா பிளைவுட்டுதான். ஊறிப்போச்சு" என்றார்.

உள்தோலை வெட்டி, ஊறிய பலகையைச் சுரண்டி எடுத்து, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட் 18 மில்லியில் இரண்டு அடுக்கு எபாக்சிப் பசையில் ஒட்டி, மேலே கண்ணாடி நார் விரிப்புகளான மேட்டும் ரோவிங்கும் போட்டோம். முக்கியமானது அடுத்தது: பழைய என்ஜின் கட்டைகளை அறுத்து எறியாதீர்கள். அவற்றைப் பின்பலகைவரை நீட்டி, இரண்டு பக்கமும் முக்கோண முட்டு கொடுத்துக் கண்ணாடி நாரால் கட்டிவிட்டால், தள்ளுவிசை மறுபடியும் பழைய வழியிலேயே அடித்தளத்துக்குப் போய்விடும். வாஷருக்குப் பதில் உள்பக்கம் இரண்டு போல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும் நீளமான 6 மில்லி பிளேட் வையுங்கள். போல்ட் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் 12 மில்லி துளையுங்கள். அப்போது தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

பழைய ஓட்டைகளை அடைப்பதில் அவசரம் வேண்டாம். சாஃப்ட் குழாய், சுக்கான் தண்டு, தண்ணீர் எடுக்கும் வாய், புகைக்குழாய் எல்லாவற்றையும் சுற்றி, ஃபைபரின் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகக் கிரைண்டர் போட்டு, அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். 8 மில்லி தடிமன் என்றால் நாலு பக்கமும் 10 சென்டிமீட்டர். அடைப்பு மூடி போல ஒட்டினால் ஒருநாள் கழன்றுவிடும்.

பிராக்கெட்டுக்கு நான் போட்டது 8 மில்லி எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட். வெல்டிங், துளை எல்லாம் முடித்தபின் ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. மூடிய குழாய் எதுவும் வைத்தால் காற்றுத் துளை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சூடான துத்தநாகத் தொட்டியில் வெடிக்கும். அலுமினியம் 5083 இன்னும் நல்லது, ஆனால் ஆர்கான் வெல்டிங் நன்றாகத் தெரிந்த கை வேண்டும். என்ஜின் பிடிக்கிற முகத்தை நேர்செங்குத்தாக வைக்காமல் சுமார் 12 டிகிரி சாய்வு கொடுங்கள். இரும்பை வெட்டுமுன் பழைய பிளைவுட்டில் ஒரு மாதிரி செய்து, செயின் புல்லியில் என்ஜினைத் தொங்கவிட்டு முழுக்கத் தூக்கிப் பாருங்கள். என் முதல் அளவில் மூடி பின்பலகையில் இடித்தது. அதனால்தான் 45 சென்டிமீட்டர் பின்தள்ளி வைத்தேன்.

உயரத்தில் ஒரு விதி சொல்வார்கள்: கேவிட்டேஷன் பிளேட் (புரொப்பல்லருக்கு மேலே என்ஜின் காலில் இருக்கும் தட்டு) படகின் அடிமட்டத்துக்கு நேராக இருக்கட்டும், பிராக்கெட் பின்னால் போகும் ஒவ்வொரு அடிக்கும் ஓர் அங்குலம் உயர்த்து என்று. வெற்றுப்படகு தண்ணீர்மேல் எழும்பி ஓடும்போது அது சரி. வலையும் ஐஸும் ஏற்றி 7, 8 நாட் (கடல் மைல்) வேகத்தில் ஊர்ந்து வரும்போது அந்த உயரத்தில் புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது. நான் 20 மில்லி இடைவெளியில் நாலு வரிசைத் துளை போட்டு, கடலில் ஓட்டிப் பார்த்து, கடைசியில் அடிமட்டத்துக்கு நேராகவே நிறுத்தினேன்.

எடை விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. டீசலும் கியர் பாக்ஸும் சாஃப்ட்டும் சேர்ந்து 250 கிலோ இறங்கியது. 60 கிலோ என்ஜினும் 20 கிலோ பிராக்கெட்டும் அதைவிட வெகு பின்னால் ஏறியதால், முன்பின் சாய்வு ஏறக்குறைய பழையபடியே நின்றது. ஆனால் அடியில் கிடந்த கனம் போய்விட்டதே! பக்கவாட்டில் படகு உலுப்ப ஆரம்பித்தது. ஒருவர் ஓரத்தில் நின்று வலை இழுத்தால் சாய்ந்தது. பழைய என்ஜின் இருந்த இடத்தில் 100 கிலோ மணல் மூட்டை கட்டி வைத்தபின்தான் எனக்கு நிம்மதி.

அந்த இடம் காலியாக இருக்கிறதே என்று பெட்ரோல் டேங்கை மட்டும் அங்கே வைத்துவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மூடிய அடியறையில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். டேங்க் மேலே, காற்றோட்டத்தில் இருக்கட்டும்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற என்ஜினையும் வாங்காதீர்கள். பின்பலகைக்கு வெளியே குனிந்து இழுக்க வேண்டியிருக்கும், அலையில் ஆள் விழுந்துவிடுவார். பேட்டரி ஸ்டார்ட் எடுத்து, கைப்பிடிக்கு நீட்டுக் குழாய் போட்டு, ஆள் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். என்ஜினைத் தனிச் சங்கிலியால் படகோடு கட்டுங்கள். பதிவுச் சான்றிதழில் என்ஜின் விவரத்தை மீன்வளத்துறை அலுவலகத்தில் மாற்றிக்கொள்வதும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு வேலை பட்டறைகளில் குவிந்து கிடக்கும். அதற்கு முன்பே பேசி வையுங்கள்.

இரும்பு வாங்கப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். பின்பலகையின் உள்பக்கம், பிராக்கெட் வரும் இடத்தில், வெளித்தோலைத் தொடாமல் 6 மில்லி பிட்டால் ஒரு துளை போட்டு, வருகிற தூளை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் மட்டும் வந்தால் வெறும் ஃபைபர். காய்ந்த மரத்தூள் வந்தால் நல்லது. கறுத்து, கையில் ஒட்டினால் ஊறியிருக்கிறது. என்ன வந்தது, தடிமன் எத்தனை மில்லி என்று கீழே எழுதுங்கள், முட்டுகளின் அளவைச் சேர்ந்து கணக்குப் போடலாம்.