கதவைத் தாங்குவது நிலை: வாசல் கதவு பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புது வீட்டு வாசலுக்குத் தேக்குக் கதவு என்று முடிவு செய்திருந்தோம். இப்போது இரும்பு, ஃபைபர் கிளாஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: கதவைப் பார்க்கும் முன் வாசலைப் பாருங்கள். மேலே சன்ஷேடு எவ்வளவு நீண்டிருக்கிறது, சாரல் கதவில் விழுமா, மாலை வெயில் நேரே அடிக்குமா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

சாரல் படாத வாசலில் நல்ல தேக்குக்கு ஈடில்லை. ஆனால் பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் கறையானையும் பூஞ்சையையும் எதிர்த்து நிற்கும். பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி, தேக்கானாலும், சீக்கிரம் அரித்துப்போகும். சாயம் ஏற்றி நிறத்தை ஒன்றாக்கிவிட்டால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால் பாலிஷ் போடுவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். கூடவே, இரண்டு ஊசி உள்ள ஈரப்பத மீட்டரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 18-ஐத் தாண்டினால் அந்த மரம் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் காயும். காயும்போது முறுக்கிக்கொள்ளும், மூட்டு விட்டுப்போகும்.

பலகை வைத்த கதவில் நடுப்பலகைகளைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டக் கூடாது. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். பலகை காடிக்குள் (சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள்) இரு பக்கமும் 2 அல்லது 3 மி.மீ. இடம் விட்டுத் தளர்வாக உட்கார வேண்டும். ஒட்டிவிட்டால் முதல் கோடையிலேயே நடுவில் வெடிப்பு விழலாம். தச்சரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம் இது.

இரும்புக் கதவில் தகட்டின் கனத்தைக் கேளுங்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 24 கேஜ் அதில் பாதிதான். உள்ளே காகிதத் தேன்கூடு இருக்கிறதா, பாலியூரிதேன் நுரை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நுரைதான் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். துத்தநாகம் பூசாத தகடு என்றால் முதல் கீறலிலேயே துரு தொடங்கிவிடும்.

சாரலும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் வாசலுக்கு நாங்கள் ஃபைபர் கிளாஸைத்தான் சொல்வோம். அது ஊதாது, துருப்பிடிக்காது. ஆனால் வாங்கிய பின் இஷ்டத்துக்கு இழைத்து அளவைக் குறைக்க முடியாது. அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

உள்ளே வெற்றிடம் உள்ள ஃப்ளஷ் டோரை மட்டும் வாசலுக்குப் போடவே போடாதீர்கள். அது உள்ளறைக்கானது.

கேள்வி: 900 மி.மீ. அகலக் கதவு போதுமா?

பதில்: அந்த 900 முழுவதும் நடக்கும் வழியாகக் கிடைக்காது. 90 பாகை திறந்து நிற்கும்போது கதவின் தடிமனும், கதவு வந்து உட்காரும் நிலையின் காடியும் போக மீதி 850-ஐ ஒட்டித்தான் இருக்கும். சக்கர நாற்காலி போக 815 மி.மீ. ஆவது வேண்டும் என்பதால் 900 சமாளிக்கும். இடம் இருந்தால் 1,000 அல்லது 1,050 வையுங்கள். பிரிட்ஜும் கட்டிலும் உள்ளே வரும் நாளில் அதன் அருமை தெரியும்.

கேள்வி: எங்கள் மரக் கதவு மழைக்காலத்தில் உரசுகிறது. இழைத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எங்கே உரசுகிறது என்று பாருங்கள்.

பூட்டுப் பக்கத்தின் மேல் மூலை மட்டும் உரசினால் அது பெரும்பாலும் மழையின் குற்றமல்ல. மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கிவிட்டது. 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம், 40 மி.மீ. தடிமன் உள்ள முழுத் தேக்குக் கதவு 50 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் கதவை நிலையிலிருந்து வெளியே இழுப்பது மேல் கீலில்தான். அந்தக் கீலில் ஒரு சின்ன ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு 75 மி.மீ. நீள ஸ்க்ரூவை நிலைக்குள் ஆழமாக ஏற்றுங்கள். துளை பெரிதாகிப் பிடிப்பு போயிருந்தால், மரக் குச்சியைப் பசையோடு அடித்து நிரப்பி, காய்ந்த பின் புதிதாகத் துளையிடுங்கள். பெரும்பாலும் இதிலேயே கதவு மேலே ஏறிவிடும். கனமான கதவுக்கு மூன்று கீலாவது வேண்டும், நான்கு இருந்தால் நிம்மதி.

பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை உரசினால்தான் மரம் ஊதியிருக்கிறது. அப்போதும் ஈரத்தில் இழைக்காதீர்கள். கோடையில் விரல் நுழையும் சந்து விழுந்துவிடும். நன்றாகக் காய்ந்த பின், சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அளந்து, குறைகிற இடத்தில் மட்டும் இழையுங்கள். மார்ட்டைஸ் லாக் (கதவின் தடிமனுக்குள் குடைந்து பதிக்கும் பூட்டு) இருந்தால் கீல் பக்கத்தை இழைத்து, கீல் உட்காரும் பள்ளத்தை அதே அளவு ஆழமாக்குவது நல்லது. பூட்டின் முகத்தகட்டைத் தொட வேண்டியிராது.

அடுத்து, கதவைக் கழற்றிக் கீழ் விளிம்பைப் பாருங்கள். பெயிண்ட் இருக்கிறதா? நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான்: முன்னும் பின்னும் நான்கு கோட் அடித்திருப்பார்கள், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பச்சை மரமாகவே இருக்கும். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அங்கே தெரியும் குறுக்குவெட்டு முகம் வழியாகத்தான். ஆறு பக்கத்துக்கும் ப்ரைமர், அதன் மேல் இரண்டு கோட் பெயிண்ட் கட்டாயம்.

கேள்வி: விலை உயர்ந்த பூட்டு போட்டால் திருட்டு பயம் போய்விடுமா?

பதில்: உதைத்தால் பெரும்பாலும் உடைவது பூட்டு அல்ல, பூட்டின் நாக்கு நுழையும் இடத்தில் உள்ள நிலை மரம். அங்கே இருக்கும் தகட்டை 20 மி.மீ. ஸ்க்ரூவில் பிடித்திருந்தால் ஒரே உதையில் பிளந்துவிடும். கனமான தகடு வாங்கி 75 மி.மீ. ஸ்க்ரூக்களால், மரத்தைத் தாண்டிச் சுவர் வரை பிடிக்கும்படி ஏற்றுங்கள். நாக்கு 25 மி.மீ. ஆவது வெளியே வர வேண்டும். சாவி நுழையும் சிலிண்டர் கதவின் முகத்திலிருந்து 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து முறித்துவிடுவார்கள். கதவின் தடிமனுக்கு ஏற்ற நீளத்தில் வாங்குங்கள். பூட்டு நுழையும் சட்டம் ஒடுங்கியிருந்தால் பூட்டுக்காகக் குடைந்த பள்ளமே கதவைப் பலவீனமாக்கிவிடும். அகலம் 100 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

உட்பக்கம் சாவியில்லாமல் கையால் திருகித் திறக்கும் பூட்டையே வையுங்கள். தீப்பிடித்த வீட்டில், புகைக்குள் சாவி தேட நேரமிருக்காது.

கேள்வி: கதவில் கண்ணாடி வைக்கலாமா? வெளிப்பக்கம் திறக்கும்படி போடலாமா?

பதில்: இரண்டும் செய்யலாம். கண்ணாடி லேமினேட் வகையாக (இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது) இருக்கட்டும். டஃபன் கண்ணாடி (சூடேற்றி உறுதியாக்கியது) மட்டும் என்றால், உடையும்போது முழுவதும் பொடியாக உதிர்ந்து வழி விட்டுவிடும். கைவிட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கலாம். வெளியே திறக்கும் கதவில் கீலின் ஊசி வெளிப்பக்கம் இருக்கும். ஊசியைத் தட்டி எடுக்க முடியாத கீலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய நிலையை விட்டுவிட்டுக் கதவை மட்டும் மாற்ற அளவு எடுப்பது எப்படி?

பதில்: முதலில் நிலையின் அடியில் ஓர் அடி உயரம் வரை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் நிலையும் போய்விட்டது. அதில் புதுக் கதவு மாட்டுவது வீண் செலவு. கெட்டியாக இருந்தால் காடிக்குக் காடி அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவிலிருந்து 6 மி.மீ. கழியுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போனால் நிலை கோணியிருக்கிறது, ஆயத்தக் கதவு பொருந்தாது. எந்தப் பக்கம் கீல், எந்தப் பக்கம் திறக்கும் என்பதை 'இடது', 'வலது' என்று எழுதாமல் படமாக வரைந்து கொடுங்கள். உயரத்தை மட்டும் தரைக்கு ஓடு பதித்து முடித்த பிறகு எடுங்கள். ஓடும் அதன் கலவையும் சேர்ந்து தரையை 30 முதல் 50 மி.மீ. வரை உயர்த்திவிடும்.