மனப்பாடமா, வாசிப்பா?

கேள்வி: ஐந்து வயது மகளுக்குத் தினமும் பத்து ஆங்கிலச் சொற்களை அட்டையில் காட்டுகிறேன். மறுநாளே பாதி மறந்துவிடுகிறது.

பதில்: பத்து அதிகம், இரண்டு மூன்று போதும். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டோல்ச் 1936-இல் வெளியிட்ட, அடிக்கடி வரும் 220 ஆங்கிலச் சொற்களைத்தான் பலரும் 'சைட் வேர்ட்ஸ்' (பார்த்ததும் வாசிக்க வேண்டிய சொற்கள்) என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். பார்த்ததும் சொல்ல வர வேண்டும், சரி. அதற்காகச் சொல்லைப் படம்போல மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 'கேன்', 'இட்', 'ரெட்' எல்லாம் எழுத்துக்கூட்டியே வாசிக்கக்கூடியவை. 'சொன்னான்' என்று பொருள்படும் 'செட்' கொஞ்சம் வம்பு: எஸ், ஏ, ஐ, டி. அதிலும் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன. முரண்டு பிடிப்பது நடுவில் இருக்கும் இரண்டு மட்டும். முதலில் வாயால் சொல்லி, மூன்று ஒலிகளை விரல்விட்டு எண்ணட்டும். அந்த நடு எழுத்துகளுக்கு மட்டும் சிவப்பில் கோடு போடுங்கள். அப்புறம் அட்டையைக் கவிழ்த்துவிட்டு அவளையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: 'கழுதை' என்று எழுதியிருக்கிறது. மகன் படத்தைப் பார்த்துக் 'குதிரை' என்கிறான்.

பதில்: கெட்டிக்காரன்தான், ஆனால் இது ஊகம். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, க, ழு, தை என்று கூட்டச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் கையை எடுங்கள். வாசித்தது சரியா என்று பார்த்துக்கொள்ளத்தான் படம்.

கேள்வி: தமிழில் 'கொ'வைக் 'கெ', 'கா' என்று பிரித்து வாசிக்கிறாள்.

பதில்: அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ ஒன்றே. 'க' எழுதிய அட்டையை நடுவில் வைத்து, கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டுகளாக இருபுறமும் நகர்த்திக் காட்டுங்கள்: க, கா, கெ, கொ. இன்னொன்று, 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருக்காதீர்கள். ப, ட, ம, கூடவே புள்ளி. இவ்வளவு தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம்.

கேள்வி: ஆறு வயதாகியும் ஆங்கிலச் சின்ன 'பி'யையும் (b) 'டி'யையும் (d) மாற்றி எழுதுகிறான். பயப்பட வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கரண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கரண்டிதான். எழுத்துக்கு மட்டும் திருப்பினால் பெயர் மாறுகிறதே! 'பி' நன்றாகப் பழகிய பிறகு 'டி'க்குப் போங்கள். எட்டு வயதிலும் இது தொடர்ந்து, ஒலிகளைக் கூட்டி வாசிக்கவும் திணறினால் ஆசிரியரிடம் பேசி, நிபுணரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒரே கதையைத் தினமும் வாசிக்கச் சொல்கிறாள்.

பதில்: வாசியுங்கள். அலுப்பு உங்களுக்குத்தான், அவளுக்கு இல்லை.