முதலில் 12 கிலோமீட்டர் தார் ரோடு, அப்புறம்தான் வைரம்

"ஆப்பிரிக்காவில் இவ்வளவு கனிமம் கிடந்தும் ஏன் முன்னேற்றம் இல்லை? அரசியலா, இனக்குழுப் பிரச்சினையா, பண்பாடா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே பதிலை நீட்டுபவர்களை நான் நம்புவதில்லை, அதனால் தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே இருக்கும் போட்ஸ்வானாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1966-இல் சுதந்திரம் கிடைத்தபோது அங்கே மொத்தமே 12 கிலோமீட்டர் தார் ரோடுதான் என்பார்கள். அதற்கு முந்தைய வருடம்வரை நிர்வாகத் தலைநகர்கூட நாட்டுக்குள் இல்லை; பிரிட்டிஷ் அதிகாரிகள் எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெக்கிங்கில் உட்கார்ந்து ஆண்டார்கள். கலஹாரி பாலைவன மணலை வைத்து என்ன செய்வது என்ற அலட்சியம். அந்த அலட்சியமே ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்பேன். ரப்பருக்காகக் காங்கோவின் ஊர்களைச் சிதைத்ததுபோல இங்கே யாரும் சிதைக்கவில்லை, அதனால் இந்நாட்டின் பெரும்பான்மையான ட்ஸ்வானா மக்களின் கோட்லா என்ற ஊர்க்கூட்டம் பிழைத்துக்கொண்டது. தலைவரை வைத்துக்கொண்டே அவர் செய்தது தப்பு என்று அங்கே பேசலாம். (பேசியது பெரும்பாலும் ஆண்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) மக்களால்தான் தலைவன் தலைவனாகிறான் என்று அவர்களிடம் பழமொழியே உண்டு.

1967-இல் ஓராப்பாவில் வைரம் கண்டுபிடித்தார்கள். அது ட்ஸ்வானாக்களில் ஒரு பிரிவான பாங்வாட்டோ குழுவின் நிலம். முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா அதே குழுவின் பட்டத்து வாரிசாகப் பிறந்தவர். வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக பிரிட்டன் அவரை நாடு கடத்தியது, பட்டத்தைத் துறந்த பிறகே ஊர் திரும்ப முடிந்தது. சொந்தக்காரர்களுக்கு அள்ளிக் கொடுக்க இதைவிட வசதியான இடம் யாருக்கும் வாய்க்காது. ஆனால் அவர் அரசு, மண்ணுக்கடியில் இருப்பது எந்தக் குழுவுக்கும் சொந்தமில்லை, நாட்டுக்குத்தான் என்று சட்டம் கொண்டுவந்தது. பிறகு டி பியர்ஸ் என்ற பெரிய வைரக் கம்பெனியோடு மல்லுக்கட்டி, சுரங்கக் கம்பெனியில் 15 சதவீதமாக இருந்த தன் பங்கை 50 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ரோடும் வந்தன. இதில் அரசியல் எங்கே முடிகிறது, பண்பாடு எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சரி, அது ஒன்றும் சொர்க்கமில்லை. 2000 வாக்கில் பெரியவர்களில் நான்கு பேரில் ஒருவருக்கு மேல் எச்ஐவி இருந்தது; 2002-இல் அரசே இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது. அதே வருடம்தான் கலஹாரி சரணாலயத்திலிருந்து சான் பழங்குடியினரை அப்புறப்படுத்தியதும் நடந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போய் 2006-இல் ஜெயித்தார்கள். கோட்லா மரபு எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவவில்லை.

இன்னொரு கோளாறு, பிழைப்பு முழுக்க வைரத்தை நம்பியே இருப்பது. ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தைக்கு வந்து விலை விழுந்ததும் அரசுக்குக் காசுத் தட்டுப்பாடு வந்தது, வேலையில்லாத இளைஞர்கள் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார்கள். 2024 தேர்தலில், 58 வருடம் விடாமல் ஆண்ட கட்சிக்குக் கிடைத்தது நான்கே தொகுதி. வாக்கு எண்ணிக்கை முழுசாக முடிவதற்குள்ளேயே குடியரசுத் தலைவர் மசீசி, ஜெயித்த டூமா போகோவுக்கு போன் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.