பிளஸ்-மைனஸ் −9 என்றால் மகள் மோசமாக ஆடுகிறாள் என்று அர்த்தமா?

கேள்வி: என் மகள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். ஆட்டத்துக்கு 5 புள்ளிதான் எடுக்கிறாள். கடைசி 4 ஆட்டங்களிலும் சேர்த்து பிளஸ்-மைனஸ் −9 என்கிறார்கள். பணம் கொடுத்தால் ‘பிளேயர் ரேட்டிங்’ ரிப்போர்ட் போட்டுத் தருகிறேன், அணித் தேர்வுக்கு உதவும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த −9-ஐ வைத்து மகளை எடைபோடவும் வேண்டாம்.

மகள் களத்தில் நின்ற நேரத்தில் அணி எடுத்த புள்ளியிலிருந்து விட்டுக்கொடுத்ததைக் கழித்தால் வருவது பிளஸ்-மைனஸ். அவர் பெஞ்சில் இருந்தபோது அணி என்ன ஆனது என்று அது சொல்லாது. பந்து ஓர் அணி கைக்கு வந்து எதிரணிக்குப் போகும்வரை ஒரு பொசெஷன். அவர் ஆடியபோது இரு அணிக்கும் தலா 180 பொசெஷன், அதில் அணி 171 எடுத்து 180 கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: −9. அவர் இல்லாத 120 பொசெஷனில் 102 எடுத்து 120 கொடுத்தது: −18. 100 பொசெஷனுக்கு மாற்றினால் −5, −15. அதாவது அவர் இறங்கினால் அணி 10 புள்ளி தேறுகிறது. தோற்கிற அணியில் நன்றாக ஆடுபவருக்கும் மைனஸ் வரலாம்.

இதை ஸ்கோர் ஷீட்டிலிருந்து எடுக்க முடியாது. மாற்று ஆட்டக்காரர் முதன்முறை இறங்கும்போது அதில் ஒரு பெருக்கல் குறி போடுகிறார்கள்; அதன்பின் எத்தனை முறை போய்வந்தாலும் பதிவே கிடையாது. ஆகவே வீடியோவைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நேரம், ஸ்கோர் இரண்டையும் குறியுங்கள். பந்து எதிரணி கைக்குப் போனால் ஒரு பொசெஷன் முடிந்தது. தவறிய ஷாட்டைச் சொந்த அணியே பிடித்தால் (ரீபவுண்ட்) அதே பொசெஷன் தொடர்கிறது. ஒரு குவார்ட்டரில் இரு அணிக்கும் எண்ணிக்கை 1-க்கு மேல் வித்தியாசப்பட்டால் எங்கோ விட்டுவிட்டீர்கள்.

ஃப்ரீ த்ரோவில் கவனம். ஃபவுல் செய்தவரை வெளியே எடுத்துவிட்டு, முதல் ஃப்ரீ த்ரோவுக்கு முன் உங்கள் மகளை இறக்குவார் கோச். அந்த 2 புள்ளி மகள் தலையில் விழக்கூடாது. விசில் ஊதியபோது களத்தில் நின்ற ஐவர் கணக்கில்தான் எழுத வேண்டும். மாற்று ஆட்டக்காரருக்கு இது ஆட்டத்துக்கு ஒரு முறை நடந்தாலே 4 ஆட்டத்தில் 8 புள்ளி, உங்கள் −9-இல் கிட்டத்தட்ட முழுவதும்.

4 ஆட்டமும் போதாது. எதிரணிக்கு மூன்று-புள்ளி ஷாட் நான்கு குறைவாக விழுந்திருந்தால் −9 என்பது +3. சீசன் முழுக்க எழுதுங்கள். மகள் எப்போதும் ஒரே பாயிண்ட் கார்டோடு (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்) இறங்கி, கூடவே வெளியேறினால் இருவர் எண்ணும் ஒன்றாகத்தான் வரும். சில நிமிடமாவது தனித்தனியாக ஆடவிடச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள்.

இனி அந்த ரிப்போர்ட். இப்படிப்பட்ட ரேட்டிங்குகளில் பல, புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்த பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறித்தல்), பிளாக் (ஷாட்டைத் தடுத்தல்) எல்லாவற்றையும் கூட்டி, தவறிய ஷாட்டையும் டர்ன்ஓவரையும் (பந்தைப் பறிகொடுத்தல்) கழிக்கும் கணக்குதான். இரண்டு-புள்ளி ஷாட் 10 அடித்து 4 மட்டும் விழுந்தால் +8, −6. ரேட்டிங் 2 ஏறிவிடும். அணிக்கோ 10 ஷாட்டுக்கு 8 புள்ளிதான், அது நஷ்டம். ஸ்கிரீன் போடுவதும் (சக ஆட்டக்காரருக்காக எதிராளியை மறித்து நிற்பது) பாக்ஸ்-அவுட் செய்வதும் (ரீபவுண்டுக்கு வரும் எதிராளியை உடலால் தடுப்பது) இதில் எங்குமே வராது. ‘அட்ஜஸ்டட் பிளஸ்-மைனஸ்’ என்று பெயர் சொன்னாலும் மயங்காதீர்கள். சக ஆட்டக்காரர், எதிராளி பலத்தைக் கழிக்கும் அந்த முறை அமெரிக்காவின் என்பிஏ தொழில்முறை லீக்கிலேயே ஒரு சீசன் தரவில் தடுமாறும். விற்பவரிடம் ஒன்றே கேளுங்கள்: என் மகள் வெளியே இருந்தபோது அணி எத்தனை பொசெஷன் ஆடியது? எண் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.